அம்மம்மாவின் லக்சபான

கரண்ட் போய் வந்தால் அம்மம்மா இன்றைக்கும் “லக்சபான வந்திட்டுது” என்றுதான் சொல்வார். அது மலைநாட்டு நீர்மின் நிலையம் ஒன்றின் பெயர். வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்குப் போன பெரிய லைன் 1990இல் யுத்தத்தோடு போய்விட்டது. பெயரை மட்டும் அவர் விடாமல் வைத்துக்கொண்டார்.

எனக்கு மின்சார சபையின் ஆண்டுப் புள்ளிவிபரங்களைத் தரவிறக்கி வாசிக்கிற பழக்கம் உண்டு. வன்னியில் விசுவமடுப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அரைக்கும் மில். மாதாமாதம் பில் கட்டுகிறவனுக்கு இந்தக் கிறுக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. அந்த அட்டவணைகளில் நான் முதலில் தேடியது அம்மம்மாவின் லக்சபானவைத்தான்.

ஒரு காலத்தில் அவர் சொன்னது சரிதான். 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே வந்தது. லக்சபான, விக்டோரியா, கொத்மலை எல்லாம் சேர்த்து. 1996இல் மழை பொய்த்ததும் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. இந்த ‘நாடு முழுக்க’வில் நாங்கள் இல்லை, வெட்டுவதற்கு எங்களிடம் கரண்டே இருக்கவில்லை. நாட்டின் நீர்க் காலம் வன்னிக்கு மண்ணெண்ணெய்க் காலம், அதுவும் பொருளாதாரத் தடைக்குள்ளால் தப்பி வந்த மண்ணெண்ணெய். ஜாம் போத்தல் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயை மூடியால் அளந்துதான் ஊற்றுவார்கள். றேடியோச் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் றேடியோ கதைக்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும். அந்த வருடங்களின் உற்பத்தி அட்டவணையில் எங்கள் டைனமோவுக்கு ஒரு வரி கிடையாது.

எங்கள் வீட்டுக்கு மீற்றர் பூட்டியது 2013இல். அதற்குள் அட்டவணையின் முகமே மாறியிருந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் தொடங்கி, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. இப்போது நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியில் வருகிறது. அம்மம்மாவிடம் சொன்னேன், “உங்கட லக்சபான இப்ப கரியிலதான் கனக்க எரியுது” என்று. “கரியெண்டால் புகை வராதோ?” என்று பல்பை அண்ணாந்து பார்த்தார்.

அந்த 900ஐப் பார்த்து நானும் முதலில் ஏமாந்தேன். ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம், பெருக்கினால் 788 கோடி யூனிற். நாடு ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதே 1,600 கோடி யூனிற் அளவில்தான், பாதி வந்திருக்க வேண்டுமே? பிறகு மில்லை நினைத்தேன். எங்கள் மோட்டர் 10 குதிரைவலு, ஏழரைக் கிலோவாட். ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் ஓடினால் பெரிய காரியம். பொங்கலுக்கு முதல் கிழமையில் மட்டும் மூச்சு விட நேரம் இருக்காது. மோட்டரின் தகட்டில் பொறித்திருப்பது ஒன்று, மாதக் கடைசியில் மீற்றர் காட்டுவது வேறொன்று. நுரைச்சோலையும் சேர்விஸுக்கு நிற்கும், பழுதாகும், தேவை குறைந்த நேரத்தில் தணித்து ஓட்டுவார்கள். அட்டவணையில் ‘நிறுவப்பட்ட கொள்ளளவு’ என்பது அந்தத் தகடுதான். புதிதாக ஒரு நிலையம் திறக்கும்போது மேடையில் மெகாவாட்டை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பெயர்ந்தால் நுரைச்சோலைக் கடல் கொந்தளிக்கும், நிலக்கரியை இறக்க முடியாது. அதனால் அந்த மாதங்களுக்கான கரியை முன்னரே கொண்டு வந்து குவித்து வைக்க வேண்டும். அதே சோளகம்தான் மன்னாரில் 30 காற்றாலைகளையும் நன்றாகச் சுற்ற வைக்கிறது. மொத்தம் 103.5 மெகாவாட். கரிக் கப்பலை மறிக்கிற காற்றே கரண்டும் தருகிறது. மன்னார் வீதியால் போகும்போது அந்தச் சிறகுகளைப் பார்த்து எனக்கு இதுதான் நினைவு வரும்.

எங்கள் வீட்டிலும் ஒரு புள்ளிவிபரத் தொகுப்பு உண்டு, அப்பாவின் சீ.ஆர். கொப்பி. மில்லின் பழைய எஞ்சின் 2009இல் போய்விட்டது. எங்கே விட்டோம் என்று அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மீளக்குடியேறிய பிறகு வவுனியாவில் ஒரு பழைய டீசல் எஞ்சின் வாங்கினார். கொப்பி அன்றைக்குத் தொடங்கியது: திகதி, எத்தனை லீற்றர், எத்தனை கிலோ மா, எத்தனை கிலோ மிளகாய். 2013இல் மோட்டர் வந்ததும் லீற்றர் வரிசை வெறுமையாகிவிட்டது. திரும்ப 2022இல் நிரம்புகிறது. அணைகளில் நீர் இறங்கிவிட்டது, எண்ணெய் வாங்க டொலர் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜனவரியில் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460. அப்பாவின் கையெழுத்து அந்தப் பக்கங்களில் மட்டும் அழுத்தமாக இருக்கிறது. ஜூலையில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு, டீசலே இல்லை.

பழைய இரும்பு வாங்குகிற லொறிக்காரர் இரண்டு தரம் எஞ்சினுக்கு விலை கேட்டுவிட்டார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி தாண்டி மோட்டர் இழுத்துக்கொண்டு நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது பிறகுதான் தெரிந்தது. நல்ல வெயில் நேரம், தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரமோ நிறைய. அந்த அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கப் போதிய கனத்த இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கவில்லை. அதே வருடம் சித்திரைப் பண்டிகைக்கு, பிற்பகல் மூன்று மணி வரை கூரைப் பலகைகளை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, இப்போது கரண்ட் கூடிப்போச்சாம்.

மோட்டர் நின்ற அன்றைக்குக் கடையில் ஒரு அக்கா மிளகாயோடு நின்றார். அப்பா ஒன்றும் பேசாமல் மோட்டரிலிருந்து பெல்டைக் கழற்றி எஞ்சினுக்கு மாட்டினார். ஹாண்டிலைப் போட்டு மூன்றாம் சுற்றில் அது இருமிக்கொண்டு பிடித்தது. கொப்பியில் எழுதினேன்: ஒன்றரை லீற்றர், ஆறு கிலோ மிளகாய், பதினைந்து கிலோ மா. பின்னேரம் உள்ளே பல்ப் எரிந்ததும் அம்மம்மாவின் சத்தம் கேட்டது.

“லக்சபான வந்திட்டுது. உந்த எஞ்சினை நிப்பாட்டு தம்பி, காது அடைக்குது.”