180-ல் வை

நவம்பர் 30, சனி

இன்றைக்கு மூன்று தடவை வீடு இருண்டது. ஓவன் சுவிட்சைப் போட்ட உடனே, கரண்ட் கசிந்தால் வீட்டையே அணைக்கிற இ.எல்.சி.பி. சுவிட்ச் டக்கென்று விழுகிறது. மூன்றாவது தடவை அம்மா உள்ளேயிருந்து "யாரது?" என்றாள். நான்தான் என்றேன். அவள் குரல் இவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

ஒக்கி புயல் அடித்து இன்றோடு ஏழு வருஷம். அப்போது எங்கள் தெருவில் போன கரண்ட் திரும்ப வந்த அன்று வோல்டேஜ் எகிறி இந்த ஓவனின் டைமர் எரிந்துபோனது. டைமரை விட்டு நேராக வயர் கொடுத்து ஓட்டினோம். அதற்கப்புறம் அம்மாவுக்கு ஜெபமாலைதான் கடிகாரம். ஒரு ஜெபமாலை இருபது நிமிஷம், நாலு ஜெபமாலை ஒரு கேக்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. பூசைக்கு நான் மட்டும் போனேன்.

தம்பி தோஹாவிலிருந்து பேசினான். "அக்கா, முப்பது வருஷப் பழசு. நான் பாத்து வச்சிருக்கேன், 40 லிட்டர், உள்ள ஃபேன் உண்டு, ஒம்பதாயிரம் ரூபா. இப்பவே போட்டுடட்டா?" பார்க்கலாம் என்றேன். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவளிடம் அவன் ஓவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அவளும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலு நிமிஷம் பேசினார்கள்.

அப்பா 1994-ல் குவைத்திலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அதன் பிளக்கில் உருண்டைக் கம்பிக்குப் பதில் மூன்று தட்டைக் கம்பிகள், உள்ளே சின்னதாக ஒரு ஃபியூஸ். நம் வீட்டுச் சுவரில் அது நுழையாது. வந்த அன்றே வெட்டி 16 ஆம்பியர் பிளக் மாட்டினார். வெட்டிய பிளக் இன்னும் அடுக்களை டிராயரில், கத்திரிக்கோல் பக்கத்தில் கிடக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா கடைசி நாள். மாவட்டம் முழுக்க லீவு. அம்மா போகாத முதல் வருஷம்.

டிசம்பர் 5, வியாழன்

ஓவனை ஆட்டோவில் ஏற்றி நாகர்கோவில் போனேன். குளச்சலிலிருந்து இருபது கிலோமீட்டர், வழி முழுக்க அதன் கதவைக் கையால் அமுக்கிப் பிடித்திருந்தேன். அந்தக் கதவின் கீலில் ஒரு பக்கம் துரு தின்றுவிட்டது.

மீனாட்சிபுரத்தில் ஒரு சின்னக் கடை. அண்ணாச்சி பின்தகட்டின் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டார். மீட்டரை வைத்துப் பார்த்தார். சூடாக்கும் கம்பிகளில் மேல் ராடு இரண்டும் உயிரோடிருக்கின்றன. கீழ் ராடில் ஒன்று எப்போதோ செத்துப்போனது. இன்னொன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நடுவில் ஒரு இடம் பாம்பு தவளையை விழுங்கியது மாதிரி புடைத்திருந்தது. புடைப்பின் மேல் கடுகளவு வெடிப்பு, அதிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"உள்ள இருக்கது மக்னீசியம் ஆக்சைடு பொடி மக்ளே. சூட்டக் கடத்தும், கரண்டக் கடத்தாது. ஈரம் எறங்கிட்டா கடத்தும், அதான் வீட்டயே அணைக்குது. ஒங்க ஊரு கடக்காத்துக்கு இது இவ்வளவு நாளு நின்னதே பெருசு."

வெடிக்காத ராடு என்றால், மழைக்காலத்தில் சும்மா கிடந்து ஈரம் இழுத்திருந்தால், காயவைத்தே சரியாக்கிவிடலாமாம். வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு கீழ் ராடு, சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட், கீல், கூலி எல்லாம் சேர்த்து 1,850 சொன்னார். ராடு அளவு கொடுத்து வளைத்து வாங்க வேண்டும், சனிக்கிழமைக்குள் சொல்லு என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி

தூக்கம் வரவில்லை. பணக் கணக்கென்றால் சுலபமாக முடிந்துவிடும். 1,850 எங்கே, 9,000 எங்கே. ஆனால் அடுத்த வருஷம் மேல் ராடு போனால்? உடம்புத் தகடு துருப்பிடித்து எங்காவது வயர் உரசினால்? போன கிறிஸ்மசுக்கே கதவைத் தொட்டபோது விரலில் சுள்ளென்று ஒரு சிலிர்ப்பு இருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு சமாளித்தோம். எர்த் சரியில்லாத வீட்டில் புது ஓவன் வாங்கி வைத்தாலும் அதே கதைதான் என்று அண்ணாச்சி சொன்னார். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த் குழியைப் பார்க்க வேண்டும். அது ஓவனுக்காக மட்டும் இல்லை.

புதிது என்றால் ஒரு வருஷம் வாரண்டி. அதையும் யோசித்தேன். இங்கே பக்கத்து வீட்டில் நாலு வருஷத்துக்கு முன் வாங்கியதை போன மாதம் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தார்கள். தகடு சட்டையை மடிப்பதுபோல மடிந்தது. இதன் தகடு அப்படி மடியாது.

ஆனால் இதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற நியாயம். அம்மாவின் கேக் இந்த ஓவனில்தான் வரும். அதுதான் காரணம்.

டிசம்பர் 7, சனி

அம்மாவிடம் கேட்டேன். கட்டிலில் சாய்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. "புதுசு வாங்கு மக்ளே. இந்தப் பாரத்த இனி யாரு தூக்கித் தொடைக்க?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அடுக்களைக்கு வந்து வெகுநேரம் சும்மா நின்றேன். அப்புறம் அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சரி செய்யுங்கள் என்றேன். தம்பிக்கும் சொன்னேன். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான்.

டிசம்பர் 8, ஞாயிறு

பரணி ஜாடியைத் திறந்து கேக்குக்கு ஊறும் பழங்களைக் கிளறிவிட்டேன். உலர்திராட்சை வைன் குடித்து உப்பிக் கறுத்திருக்கிறது. அக்டோபரில், ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போவதற்கு முந்தின நாள், அம்மா தன் கையால் ஊறவைத்தது.

டிசம்பர் 9, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

ஓவன் வந்தது. சுவிட்சைப் போட்டேன், வீடு அணையவில்லை! கீழ் ராடு இரண்டும் மெல்லச் சிவந்தன. அவை சிவந்து நான் பார்த்தே பல வருஷம். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா" என்று கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

டிசம்பர் 12, வியாழன்

கரிந்துவிட்டது.

எல்லாம் அம்மா சொன்னபடிதான் செய்தேன். சீனியைக் கருக்கினேன், முந்திரியை ஒடித்துப் போட்டேன், டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து 180-ல் திருப்பினேன். எப்போதும் அவள் சொல்வது அதுதான், "180-ல் வை மக்ளே, நாலு ஜெபமாலை." மூன்றாவது ஜெபமாலை பாதியில் புகை நாற்றம். திறந்தால் அடிப்பாகம் விரல் கனத்துக்குக் கரி. ஊறிய பழத்தில் கால்பங்கு போய்விட்டது.

வெளியே மழை. அம்மாவுக்கு நாற்றம் போயிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

அண்ணாச்சியிடம் போனில் கோபமாகத்தான் பேசினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஒரு கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் சீனி போட்டு 175-ல் வைத்துப் பார், உருகக் கூடாது. அப்புறம் 190-க்கு ஏற்று, உருக வேண்டும். சீனி உருகுவது 186 டிகிரியில். அதுதான் கணக்கு.

செய்தேன். 175-ல் கால்மணி நேரம் சீனி சீனியாகவே இருந்தது. 190-க்கு ஏற்றிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதலில் ஓரத்தில் ஒரே ஒரு பரல் கண்ணாடியானது. பிறகு பக்கத்துப் பரல். அப்புறம் மொத்தமும் தளர்ந்து தேன் நிறத்தில் படிந்தது.

ஓவன் சரியாகத்தான் இருக்கிறது. இவ்வளவு வருஷமும் தப்பாக இருந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு, சூட்டில் வளைந்து கரண்டை விடும். வயதானதில் அது முன்னாடியே வளைந்து விட்டுக்கொண்டிருந்தது. கீழே பாதிச் சூடு. அம்மா அந்த ஓவனுக்கு ஏற்றபடி தன் கையைப் பழக்கி வைத்திருந்தாள். அவளுடைய 180 உண்மையில் எத்தனை என்று அவளுக்கும் தெரியாது. அந்தத் தெர்மோஸ்டாட்டை நான்தான் கழற்றச் சொன்னேன். புதிது வாங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் ஆறவில்லை.

டிசம்பர் 14, சனி

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதுவிட்டேன். அவள் "நாற்காலியத் தூக்கி அடுக்களையில போடு" என்றாள்.

தலையணை இரண்டு வைத்து உட்காரவைத்தேன். 160-ல் வைத்தோம், டின்னை நடுத்தட்டுக்கு ஏற்றினோம். ஜெபமாலை சொல்ல மூச்சு பத்தவில்லை, அதனால் நான் சொல்ல அவள் விரலால் மணி மட்டும் உருட்டினாள். மூன்று முடிந்து நாலாவதில் இரண்டாம் தேவரகசியத்தில் நிமிர்ந்தாள். மூக்கை லேசாகச் சுருக்கினாள். "இப்ப எடு."

ஈர்க்கில் குத்திப் பார்த்தேன். சுத்தமாக வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

குமிழில் 160-க்கு நேராகச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தார், கம்பி பாதிக்கு மேல் அறுந்து கிடந்தது. மாற்றியாகிவிட்டது.

டிசம்பர் 16, திங்கள்

போன் வந்தது. நாளைக்குக் காலையில் திருவனந்தபுரம், இரண்டு பேரும் வர வேண்டுமாம். கார் ஐந்து மணிக்கு.

ரத்தம் எடுக்கிற சிஸ்டருக்கு ஒரு துண்டு கேக் பொதிந்து வைக்கச் சொன்னாள் அம்மா. கத்தியை எடுத்ததும் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள், முந்திரி கூட இருக்கிற பக்கமாகப் பார்த்து வெட்டு என்று.