30 அங்குல புல்வெட்டி யாருக்கு?

அமெரிக்காவில் வீட்டுப் புல்தரைக்கு 21 அங்குல அகலம் வெட்டும் புல்வெட்டிதான் வழக்கம். ஹோம் டிப்போவிலும் லோவ்ஸிலும் வரிசைகட்டி நிற்பவற்றில் பெரும்பாலானவை 20 முதல் 22 அங்குலம். அதைவிட்டால் உட்கார்ந்து ஓட்டும் 42 அங்குல ரைடிங் மோவர். இரண்டுக்கும் நடுவே, பின்னால் நடந்தபடி ஓட்டும் 30, 33 அங்குல எந்திரங்கள் கொஞ்சம் உண்டு. டோரோவின் டைம்மாஸ்டர் அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். தொழிலாக லான் பராமரிப்பவர்களுக்கான அதே அகல எந்திரங்களை டோரோ நிறுவனம் டர்ஃப்மாஸ்டர் என்றும், எக்ஸ்மார்க் நிறுவனம் கமர்ஷியல் 30 என்றும் விற்கின்றன.

மனையின் அளவைச் சொல்லி "எனக்கு எது சரிவரும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்த எண்ணை வைத்து பதில் சொல்ல முடியாது. 0.35 ஏக்கர் மனை என்றால் 15,246 சதுர அடி. மாடி வீடு, கராஜ் சேர்த்து 1,800, டிரைவ்வே 900, பாட்டியோ 400, பூச்செடிப் பாத்தி, மரத்தடியில் பரப்பும் மல்ச் (மரப்பட்டைத் துண்டுகள்) எல்லாம் ஒரு 1,500 என்று கழித்துப் பாருங்கள். புல் மிஞ்சுவது 10,600 சதுர அடிதான். உங்கள் கவுன்ட்டியின் சொத்து வரைபட இணையதளத்திலோ கூகுள் மேப்பிலோ புல் இருக்கும் இடத்தை மட்டும் கோடு போட்டு அளந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால் நிமிடத்துக்கு 264 அடி. வரிசைக்கு வரிசை 3 அங்குலமாவது மேலேறி வெட்டினால்தான் நடுவில் மீசைபோல் வெட்டாத கீற்று விடாது. ஆகவே 21 அங்குலத்தில் பயன்படுவது 18 அங்குலம், 30 அங்குலத்தில் 27 அங்குலம். நிமிடத்துக்கு 396 சதுர அடி ஒன்றில், 594 மற்றதில். அகலம் 43 சதவீதம்தான் கூடுகிறது என்றாலும் வேலை 50 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் மேலேறி வெட்டும் 3 அங்குலம் இரண்டுக்கும் ஒன்றே. 12,000 சதுர அடியை 21 அங்குலத்தில் வெட்ட 30 நிமிடம், 30 அங்குலத்தில் 20 நிமிடம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை என்று வைத்தால் சீசனுக்கு ஐந்து மணி நேரம் மிச்சம். ஓரம் வெட்டுவது, ஊதித் தள்ளுவது இரண்டிலும் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

இந்தக் கணக்கு நீளமான திறந்த வெளிக்கு மட்டுமே பொருந்தும். 25 அடி நீளத் துண்டுத் தரையைக் கடக்க ஆறு நொடி போதும், கனமான எந்திரத்தைத் திருப்பவும் கிட்டத்தட்ட அதே ஆறு நொடி ஆகும். பாதி நேரம் திருப்புவதிலேயே போய்விட்டால் அகலத்துக்குக் கொடுத்த பணம் வீண். வீட்டைச் சுற்றி நாலு துண்டாகப் பிரிந்த புல், நடுநடுவே மரம், வளைந்த பாத்தி என்றால் நல்ல 21 அங்குலமே மேல். என் கணக்கில் 30 அங்குலம் சோபிப்பது சுமார் 8,000 முதல் 25,000 சதுர அடி வரை, அதுவும் பெரும்பகுதி ஒரே வெளியாக இருந்தால். அதற்கு மேல் போனால், வெயிலில் நடப்பதே உங்களுக்கு உடற்பயிற்சி என்றால் ஒழிய, ரைடிங் மோவர் பக்கம் போய்விடலாம்.

இனி கேட். வாங்கி வந்து வாசலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அமெரிக்க வேலிகளில் ஆள் நடக்கும் கேட்டை 36 அங்குலம் என்பார்கள். கீல், தாழ்ப்பாள், சற்றே சாய்ந்த கம்பம் எல்லாம் போக உண்மையில் கிடைக்கும் இடைவெளி சில வேளை 34 அங்குலம்தான். 30 அங்குலம் என்பது பிளேடு வெட்டும் அகலம். பிளேடை மூடியிருக்கும் டெக்கின் வெளி விளிம்பு அதைவிட அகலம், பக்கவாட்டில் புல் தள்ளும் சூட் மாட்டினால் இன்னும் அகலம். சூட்டைக் கழற்றிவிட்டோ மடக்கிவிட்டோ நுழையலாம். 33 அங்குல டெக்கை 36 அங்குல கேட்டில் நுழைப்பது ஒவ்வொரு வாரமும் ஒரு சண்டை. கேட்டைத் திறந்து வைத்து, கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கே காட்சிக்கு நிற்கும் எந்திரத்தில் சக்கரத்தின் வெளிமுனையிலிருந்து வெளிமுனைவரை டேப் பிடியுங்கள். அட்டையில் அச்சிட்ட அகலம் இதற்கு உதவாது.

சரிவையும் அளக்க வேண்டும். நடந்து ஓட்டும் புல்வெட்டிகளுக்கு 15 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்பதே பல கையேடுகள் சொல்வது. 4 அடிப் பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, மட்டம் பார்த்துப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 13 அங்குலம் வந்தால் அது 15 டிகிரி. நடந்து ஓட்டும் எந்திரத்தைச் சரிவில் குறுக்கே ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. வழுக்கினால் கால் பிளேடுக்குக் கீழே போகும். ரைடிங் மோவருக்கு இது நேர் எதிர். 21 அங்குல எந்திரம் 35 கிலோவுக்குப் பக்கம் என்றால் 30 அங்குலம் 60 கிலோவைத் தாண்டும். சரிவில் அந்தக் கூடுதல் எடை கீழ்நோக்கியே இழுக்கும், தோள்தான் அதைத் தாங்கியாக வேண்டும்.

மேடுபள்ளமான தரையில் வேறொரு தொல்லை. சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு திட்டு வந்தால் டெக் அதன்மேல் உட்கார்ந்து மண் தெரியச் சிரைத்துவிடும். குட்டையாக வெட்டும் பெர்முடா, ஜோய்சியா புல் வைத்திருக்கும் தெற்கத்தி மாநிலத்துக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. 3 முதல் 4 அங்குலம் உயரம் விடும் டால் ஃபெஸ்க்யூ, செயின்ட் அகஸ்டின் புல்லில் அவ்வளவாகத் தெரியாது. பெர்முடாவை ஒன்றரை அங்குலத்தில் வைக்க ஆசைப்பட்டால் முதலில் மணல் போட்டுத் தரையைச் சமன் செய்யுங்கள், பிறகு அகலம் பற்றிப் பேசலாம்.

எந்திரத்தின் உள்ளே என்ன வித்தியாசம் என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் செலவு புரியும். 21 அங்குலத்தில் பிளேடு நேரே எஞ்சினின் கிராங்க் தண்டில் போல்ட் போட்டு நிற்கிறது. நடுவே பெல்ட் இல்லை. 30 அங்குலத்தில் ஒரே நீளப் பிளேடைச் சுழற்றினால் முனை வேகம் எல்லை மீறும், டெக்கும் முன்பின்னாக மிக நீளமாகிவிடும். அதனால் இரண்டு சின்ன பிளேடு, அவை சுழல இரண்டு ஸ்பிண்டில் (அச்சு). இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவே ஒரு கீற்று வெட்டாமல் தப்பும். அதைத் தவிர்க்க இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், ஏறினால் பிளேடுகள் மோதிக்கொள்ளும். டைம்மாஸ்டர் இதற்குப் பல் வைத்த பெல்ட் ஒன்றைப் போட்டு, ஒரு பிளேடு நேராக நிற்கும்போது மற்றது குறுக்காக, 90 டிகிரியில் நிற்கும்படி பூட்டிவிட்டது. ஸ்பிண்டிலை முன்பின்னாகத் தள்ளிவைத்துத் தப்பிக்கும் வடிவமைப்புகளும் உண்டு.

இந்தப் பல் பெல்ட்தான் கவனிக்க வேண்டிய பாகம். வெளியே துருத்திய மர வேரையோ ஸ்பிரிங்க்ளர் தலையையோ பலமாக இடித்தால் பெல்ட் ஒரு பல் தாண்டும், அல்லது அறுந்துபோகும். அதன்பிறகு "டங் டங்" என்று பிளேடுகள் உரசும் சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். தீப்பொறிக் கம்பியை ஸ்பார்க் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, கையுறை போட்டு, பிளேடைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். 90 டிகிரி தவறியிருந்தால் தெரிந்துவிடும். டெக்கைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் காலியாக இருப்பது நல்லது. தவறான பக்கம் சாய்த்தால் எண்ணெய் ஃபில்டரில் ஊறி, அடுத்தமுறை வெள்ளைப் புகை கக்கும் அல்லது கிளம்பவே கிளம்பாது.

மற்ற பெல்ட்டுகளும் இருக்கின்றன: எஞ்சினிலிருந்து பிளேடுக்கு ஒன்று, சக்கரத்தை இழுக்கும் கியர்பெட்டிக்கு ஒன்று. மேட்டில் ஏறத் திணறினால் முதலில் கியர்பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கைப்பிடியிலிருந்து போகும் கேபிள் நீண்டிருக்கும், திருகி இறுக்கினால் சரியாகும். அதற்கும் மசியவில்லை என்றால் பெல்ட் வழவழத்துப் போயிருக்கும். கியர்பெட்டி கடைசி சந்தேகம்.

எஞ்சின் அளவை ஒப்பிடும்போது இந்தப் பெல்ட்டுகளின் பாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 21 அங்குலத்தில் 150 முதல் 163 சிசி சாதாரணம். டைம்மாஸ்டரில் நெடுங்காலம் வந்தது 223 சிசி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். எக்ஸ்மார்க்கின் 30 அங்குலத்தில் 179 சிசி கவாசாகி. சிசி குறைவாயிற்றே என்று அதை ஒதுக்க வேண்டாம். தினமும் பல மணி நேரம் ஓடத் தாங்கும்படி கட்டிய எஞ்சின், தடித்த டெக், கனமான ஸ்பிண்டில் ஆகியவற்றுக்குத்தான் அங்கே கூடுதல் விலை. வாரத்துக்கு அரைமணி ஓட்டுபவருக்கு அது தேவையா? பெரும்பாலும் இல்லை. நல்ல 21 அங்குலம் 400 முதல் 600 டாலர், வீட்டு உபயோக 30 அங்குலம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, கமர்ஷியல் அதற்கும் மேல். பக்கத்து வீடுகளுக்கும் காசுக்கு வெட்டிக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் வாரன்ட்டி வாசகத்தைப் படித்துவிடுங்கள். வீட்டு உபயோக வாரன்ட்டி அதற்குச் செல்லாது.

ஈரப் புல்லில் எந்த அகல டெக்கும் அடைத்துக்கொள்ளும். மே மாதத்தில் இரண்டு வாரம் மழை பெய்து, புல் முழங்காலைத் தொட்டால் ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருமுறை எடுக்கக் கூடாது. முதல் முறை பக்கவாட்டில் தள்ளி, மூன்று நாள் கழித்து மல்ச் செய்து (வெட்டிய புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே விட்டு) உயரத்தை இறக்குங்கள்.

பிளேடு நின்றபடி எஞ்சின் ஓடும் வசதி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது 1982 முதல் அமெரிக்காவில் உள்ள விதி. மலிவான எந்திரங்கள் எஞ்சினையே அணைத்து அதை நிறைவேற்றுகின்றன. கேட்டைத் திறக்க, குழந்தையின் பந்தை எடுத்துப்போட, பை காலி செய்ய என்று ஒவ்வொரு முறையும் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். டைம்மாஸ்டரில் உள்ளதுபோல் பிளேடுக்குத் தனி பிரேக் இருந்தால் அந்த வேதனை இல்லை. ஆனால் அதுவும் தேயும் பாகம்தான், கேபிளும் உண்டு.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குக் கேள்வியே வேறு. 2024 மாடல் முதல் பெரும்பாலான புதிய சிறு எஞ்சின்கள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்பது அந்த மாநில விதி. ஏற்கெனவே வைத்திருப்பதை ஓட்டத் தடை இல்லை. புதிதாக வாங்குபவர் பேட்டரி பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். டோரோ 60 வோல்ட்டில் 30 அங்குலம் விற்கிறது. அட்டையில் 60 வோல்ட் என்றாலும் பயன்பாட்டில் 54 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 540 வாட் மணி. எத்தனை சதுர அடி வெட்டும் என்று அட்டையில் போட்டிருப்பது காய்ந்த புல்லுக்கு. வசந்தகால ஈரப் புல்லை மல்ச் செய்தால் அதில் பாதி என்று வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டாவது பேட்டரியின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரிடம் "சூடாக்கி வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதில்தான் கார்புரேட்டரின் நிலை தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுதும் டேங்கில் விட்டு வைத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட் அடைத்திருக்கும், எந்திரம் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு ஸ்பிண்டிலையும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. பிளேடைச் சுழற்றி, அதன் இரண்டு முனையும் டெக் விளிம்பின் ஒரே இடத்திலிருந்து ஒரே தூரத்தில் வருகிறதா என்று பாருங்கள். கால் அங்குலம் மாறினாலும் ஸ்பிண்டிலோ பிளேடோ வளைந்திருக்கிறது. டெக்கின் அடியில் புல் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். அந்த அடைசலுக்குப் பின்னால்தான் துரு ஓட்டை ஒளிந்திருக்கும்.

புதியது வாங்கினால் பெரிய கடையா, சர்வீஸ் டீலரா என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல் பெல்ட் அறுந்த சனிக்கிழமை, எந்திரத்தைத் தூக்கி மினிவேனில் ஏற்றி 40 மைல் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. 60 கிலோ எந்திரம் மினிவேனில் ஏற ஒரு சாய்தளப் பலகையும் இரண்டு ஆளும் வேண்டும். 10 மைலுக்குள் டீலர் இருந்தால் அவரிடமே வாங்குங்கள். கூடவே ஒரு செட் பிளேடும் ஒரு பல் பெல்ட்டும் வாங்கி கராஜில் தொங்கவிடுங்கள். பிளேடை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டும். இரண்டையும் ஒரே எடைக்குத் தீட்டாவிட்டால் கைப்பிடி அதிரும், அந்த அதிர்விலேயே பேரிங் தேயும். சுவரில் ஓர் ஆணி அடித்து, பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தீட்ட வேண்டும்.