மேலே ஒரு கூடம்

மே 6
இன்றும் ஆஸ்பத்திரிக் கடிதம் வரவில்லை.

மே 8
இவரால் காரில் அதிக நேரம் உட்கார முடியாது, அதனால் பக்கத்தில், இங்கிலாந்தின் செஷயரில் இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மாளிகைக்கே போனோம். அகழிக்கு நடுவே அந்த வீட்டை நேரில் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முழுக்க ஓக் மரச் சட்டங்கள், ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! எல்லாரும் அழகு அழகு என்று படம் எடுக்கிறார்கள். அழகுக்காகவா வளைந்தது, பாரம் அழுத்தி அழுத்தி வளைந்தது. "அம்மா, இது ஏன் விழாம நிக்குது?" என்றாள் சின்னவள். இவர் கீழே பெஞ்சிலேயே இருந்துவிட்டார், மாடி ஏறவில்லை.

மே 9
தூக்கம் இல்லை, அந்த மாடிக்கூடமே கண்ணில் நிற்கிறது. 1504 வாக்கில் வில்லியம் மோர்ட்டன் ஆரம்பித்த வீடு, அப்புறம் மகன், பேரன் என்று ஆளாளுக்கு ஒரு பகுதியைச் சேர்த்து 1610 வரை கட்டியிருக்கிறார்கள். தெற்குப் பக்கம் உச்சியில் ஏறக்குறைய 21 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம், மழை நாளில் நடக்கவும் விளையாடவும். பலகைகளுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகூடக் கிடைத்ததாம். முதல் திட்டத்தில் இல்லாமல் பிற்பாடு தோன்றிய யோசனை அது என்றுதான் சொல்கிறார்கள். போதாததற்குக் கூரை மேல் ஓடு இல்லை, கனமான கல் பலகைகள். கீழே இருக்கிற சட்டங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மே 12
கடிதம் வந்தது. ஆபரேஷனுக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாராம். தேதி இல்லை.

மே 13
அந்தக் கூடத்தின் இரண்டு கோடியிலும் சுண்ணச் சிற்பம். ஒரு பக்கம் சக்கரத்தோடு அதிர்ஷ்ட தேவி, எதிரே கோளத்தோடு விதி. சமக்குறியைக் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டின் 1556ஆம் வருடப் புத்தகத்து முகப்புப் படத்தைப் பார்த்துச் செய்தவை. சக்கரத்தை ஆள்வது அறியாமை, கோளத்தை ஆள்வது அறிவு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சக்கரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மே 15
அந்த வீட்டின் கறுப்பு வெள்ளைப் பூச்சு விக்டோரியா காலத்து மோகம். அதற்கு முன்பு மரம் வெயில் மழையில் வெளுத்து வெள்ளி நிறத்தில் இருந்திருக்கிறது, சுவர் காவி மஞ்சள். அப்படியே விட்டிருக்கலாம்.

மே 17
இவருக்கு இரவெல்லாம் வலி. விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம், ரிச்சர்ட் டேலைப் பற்றித்தான். முற்றத்தில் ஒன்றையொன்று தொட்டுவிடுகிற மாதிரி துருத்தி நிற்கும் இரண்டு ஜன்னல்கள். 1559இல் வில்லியம் மோர்ட்டன் (அப்பா பேரே உள்ள மகன்) செய்வித்தது என்று செதுக்கிய அதே இடத்தில், கடவுள் அருளால் இதைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல் என்றும் செதுக்கியிருக்கிறது. முதலாளி பேரோடு தச்சன் பேரும்! இவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு எலிசபெத் மோர்ட்டன்தான். கன்னியாஸ்திரி. 1892இல் வீடு கைக்கு வந்தபோது சிற்றாலயத்தைச் சீர்செய்தவர். மாடிக்கூடத்துக்குக் கம்பி கொடுத்து இழுத்துக் கட்டியதும் அவராக இருக்கலாம் என்கிறார்கள். அவருக்குப் பின் வந்த உறவினர், ஒரு பிஷப், 1938இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். இன்று கிரேடு ஒன்று, அதாவது பாதுகாப்புப் பட்டியலில் உச்சத் தகுதி உள்ள கட்டடம். கம்பி வைக்காமல் விட்டிருந்தால் ஒப்படைக்க என்ன மிஞ்சியிருக்கும்? இவருக்கும் முதுகில் கம்பிதான் வைக்கப்போகிறார்கள்.

மே 20
போன் வந்தது! வியாழன் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது. சின்னவளை யாரிடம் விடுவது, பள்ளிக்கு வேறு சொல்ல வேண்டும், அப்புறம்