மேடையில நம்ம பேஸ் நமக்குக் கேட்கணும்

ஆராதனைக் குழுவுல பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பிகளுக்கு ஒண்ணு சொல்லணும். "அண்ணா, எனக்கு என் சத்தமே கேட்கல"ன்னு சவுண்ட் அண்ணன்கிட்ட கை காட்டுறதுக்கு முன்னாடி, மானிட்டர்ல (மேடையில இருக்கிற நமக்குக் கேட்கிறதுக்கு வைக்கிற ஸ்பீக்கர்) வேற என்னவெல்லாம் ஓடுதுன்னு காது கொடுத்துக் கேளுங்க. கீபோர்டுக்காரர் இடது கையில கீழ்ஸ்தாயியைப் பிடிச்சா, அது நேரா நம்ம இடத்துலதான் வந்து உட்காரும். உங்க மானிட்டர்ல அதைக் குறைச்சாலே பாதி தெளிஞ்சிடும். அவர்கிட்டயே அன்பாச் சொல்லியும் பார்க்கலாம்.

ஒருத்தர் சத்தத்தை ஏத்தினா அடுத்தவரும் ஏத்துவார். டிரம்ஸ் தம்பி இன்னும் ஓங்கி அடிப்பான். கடைசியில பாடுற அக்காவுக்குத் தன் சுருதியே கேட்காது. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கும். சபை பாடுறது அவங்க குரலைப் பிடிச்சுத்தானே!

ஆம்ப்பை (கிட்டார் சத்தத்தைப் பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி) முழங்கால் பக்கம் வைக்காம, காதைப் பார்த்துச் சாய்ச்சு வைங்க. மிக்ஸர்ல இருந்து மானிட்டருக்குத் தனியாப் போற ஆக்ஸை ப்ரீ-ஃபேடர்ல வைக்கச் சொல்லுங்க, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடருக்கு முன்னாடியே எடுக்கிற மாதிரி. அப்போ சபைக்குப் போற ஃபேடரைக் கூட்டினாலும் குறைச்சாலும் உங்களுக்கு மாறாது. பாடுற மைக் எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டுன்னா (முன்பக்கச் சத்தத்தை நல்லா வாங்கி, பின்பக்கத்தைக் குறைவா வாங்குற வகை), மானிட்டர் அதுக்கு நேர் பின்னால இருக்கட்டும், கீச்சுன்னு கத்துறது குறையும்.

ஸ்பீக்கருக்குப் பதிலா இன்-இயர் (காதுக்குள்ள மாட்டுற மானிட்டர்) போடுறவங்க தயவுசெஞ்சு ரெண்டு காதுலயும் போடுங்க. ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணுல சத்தத்தை ஏத்திக்கிட்டே போவோம். 100 டெசிபல்னா ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் தாங்கும்னு அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற நியோஷ் நிறுவனத்தோட வரையறை சொல்லுது. நம்ம துதி ஆராதனை அதைத் தாண்டித்தான் போகுது, காதைப் பார்த்துக்கோங்க தம்பிகளா.