90-இல் நடுங்கும் வோல்வோ

தைப்பூசத்தன்று அப்பாவை ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு, பிற்பகலில் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிமோர் தாண்டியதும் பழைய சாலையில் வண்டி குறைந்தது. முள் 90-ஐத் தொட்டது. அப்பா கையில் பிளாஸ்டிக் பையில் பொங்குஸ் கட்டிய தே ஓ, பால் சேர்க்காத தேநீர். பையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தவர், "என்னாடா இது, ஆறிப்போன தேத்தண்ணி கொதிக்குது" என்றார்.

பார்த்தேன். பைக்குள் தேநீரின் மேற்பரப்பு முழுக்க மணல் தூவினாற்போல் பொடிப்பொடியான சுருக்கங்கள். 80-க்கு இறக்கினேன், அடங்கியது. மறுபடி 90, மறுபடி கொதிப்பு. எனக்கு அது புதிதல்ல. ஒரு வருடமாகவே இருக்கையின் அடியிலிருந்து முதுகுக்கு ஒரு கூச்சம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். அப்பா சொன்ன பிறகு விட முடியவில்லை.

வண்டி 1988-ஆம் ஆண்டு வோல்வோ 240, ஷா ஆலமில் பூட்டியது. இந்த 240 வகை 1974-இல் தொடங்கி 1993 வரை வந்தது. அப்பா கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த தோட்டத்தில் மேனேஜர் ஓட்டிய வண்டி. இரண்டு கை மாறி, எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு வந்தது. நான்கு கியர், கியர் குச்சியின் தலையில் ஓவர் டிரைவ் பொத்தான்; அதை அழுத்தினால் அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும். எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். நடுவில் அந்தச் சுற்றைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதுவும் ஒரே தண்டு இல்லை, இரண்டு துண்டு. நடுவில் ஒரு சென்டர் பேரிங், ரப்பர் வளையத்தில் தொங்கும். மூன்று இடத்தில் மடங்கிக் கொடுக்கும் க்ராஸ் ஜாய்ன்ட். கோளாறு ஒளிந்துகொள்ள இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன்: டயர் கடை. நான்கு சக்கரத்தையும் பேலன்ஸ் பார்த்தார்கள். மாற்றமில்லை. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட்டேன். மாற்றமில்லை. ஸ்டியரிங் நடுங்காமல் இருக்கை மட்டும் நடுங்கியபோதே முன் சக்கரத்தின் மீது சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, காசு போனது.

பிப்ரவரி, ஒரு ஞாயிறு காலை. பால்மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன, சாலையோரமெல்லாம் சருகு. லிந்தாங் பக்கம் போகும் சாலையில் கொஞ்சம் நேராக ஓட்டலாம். அந்த வழியில்தான் 1948-இல் மலாயா அவசரகாலத்துக்கே காரணமான கொலைகளில் ஒன்று நடந்த எல்ஃபில் தோட்டம். அப்போது அப்பாவுக்கு ஐந்து வயது; இன்றும் பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தவிட மாட்டார். அதனால் காலையிலேயே போனோம்.

90-இல் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் அடங்கி முனகியது, நடுக்கம் அப்படியே இருந்தது. அப்புறம் அதே 90-இல் நான்காம் கியர் ஒரு முறை, ஓவர் டிரைவ் ஒரு முறை. நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று, ஓவர் டிரைவில் 2400-க்குக் கீழே. நடுக்கம் இரண்டிலும் ஒன்றுதான். எஞ்சினும் கிளட்சும் கழன்றுகொண்டன. கியர்பாக்ஸுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.

எங்கே என்பதற்குக் கணக்கு. 185/70 அளவு 14 அங்குல டயர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.88 மீட்டர் ஓடும். 90 என்றால் நொடிக்கு 25 மீட்டர், சக்கரம் நொடிக்கு 13 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. பின் சக்கரங்களுக்கு நடுவில் ஷாஃப்டின் சுற்றை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் விகிதம் தெரிந்தால் ஷாஃப்டின் சுற்றும் தெரிந்துவிடும். விகிதத்தைப் புத்தகத்தில் தேடவில்லை. கை மாறிய வண்டி, யார் எதை மாற்றினார்களோ. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டில் சுண்ணாம்புக் கோடு கிழித்தேன். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற, ஷாஃப்ட் மூன்றே முக்கால் சுற்றுக்கு மயிரிழை குறைவாகச் சுற்றியது. ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றது இரட்டை வேகத்தில் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. ஆக 3.73. ஷாஃப்ட் 90-இல் நொடிக்கு 50 சுற்று.

கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டேன். என் கைப்பேசி நொடிக்கு 400 முறை அளக்கிறது. அதில் பாதி, அதாவது 200 வரையிலான அதிர்வைத்தான் நம்பலாம். எனக்கு அது போதும். கைப்பேசியை இருக்கைத் தண்டவாளத்தில் ஒட்டி, ஓவர் டிரைவில் 90-இல் ஓட்டினேன். செயலியின் வரைபடத்தில் நொடிக்கு 13 அதிர்வில் சிறு மேடு, 50-இல் மலை. ஓவர் டிரைவில் எஞ்சின் நொடிக்கு 39 சுற்று சுற்றுகிறது, அங்கே ஒன்றுமில்லை. நான்காம் கியரில் மட்டும் அளந்திருந்தால் குழம்பியிருப்பேன், அதில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே சுற்று.

சரி, ஷாஃப்ட்தான். வண்டிக்கு அடியில் படுத்தேன். நான்கு ஸ்டாண்ட் போடாமல் நான் அடியில் போவதில்லை. ஜேக்கை மட்டும் நம்பியதால் கால் விரல் போன ஒருவர் எங்கள் கம்பத்திலேயே, இதே ஊரிலேயே இருக்கிறார். டார்ச் அடித்ததும் தெரிந்தது. சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் பாதி கிழிந்து, ஷாஃப்ட் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது. உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அன்று இரவே பேரிங்குக்கும் ரப்பருக்கும் சொல்லி வைத்தேன்.

மார்ச் முதல் வாரம். ஷாஃப்டை இறக்கி, நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வரிசையில் இரண்டு துண்டையும் பிரித்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதைப் போட்டு, திரும்பப் பூட்டினேன். மூன்று மணி நேர வேலை. இனி வரும் ஆறு வாரமும் இந்த ஒரு பத்தியில்தான் வீணானது. எதை விட்டேன் என்று தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கலாம்.

ஓட்டிப் பார்த்தேன். 90-இல் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் 60-க்கும் 70-க்கும் நடுவில் ஒரு புது உறுமல், உரலில் மாவு இடிப்பது போல, காதை அடைத்தது. அப்பா பின் இருக்கைக்கு மாறிக்கொண்டார். கைப்பேசியைப் பார்த்தால் 65 வேகத்தில் ஒரு புதிய மலை, நொடிக்கு 72 அதிர்வில். அந்த வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 36 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என்று அது கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. புது பேரிங் மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி, இன்னொன்று வாங்கிப் போட்டேன். அதே உறுமல். பிறகு க்ராஸ் ஜாய்ன்டுகள். நடு ஜாய்ன்டை கையால் மடக்கினால், நேர் நிலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுவது போல் தடக்கென்று நின்றது. ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் தேய்ந்து குழி போட்டிருக்கின்றன. மாற்ற வேண்டியதுதான், மாற்றினேன். மூன்றையும். ஆனால் உறுமல் போகவில்லை. ஒவ்வொரு முறையும் பிரித்ததைப் பிரித்த நிலையிலேயே அக்கறையாகக் குறி போட்டுப் பூட்டினேன் என்பதுதான் கொடுமை. தப்பைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிறு. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருடம் ஃபிட்டராக இருந்த சீன அங்கிள் ஒருவர், செம்பனை லாரிகளுக்கு உயிர் கொடுத்தவர், அப்பாவைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் எங்களைவிடச் சுத்தம். வண்டி ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்துவிட்டுக் குனிந்து டார்ச் அடித்தார். அரை நிமிஷம் இருக்காது.

"தம்பி, காது ரெண்டும் ஏன் கோணலா நிக்குது?"

"எந்தக் காது அங்கிள்?"

முன் துண்டின் முனையில் ஜாய்ன்டைப் பிடிக்கும் இரண்டு காதுகள், நடு ஜாய்ன்டைப் பிடிக்கும் இரண்டு காதுகள். ஒன்று மேலும் கீழுமாக நிற்க, மற்றது சாய்ந்து நின்றது. மண்ணெண்ணெய்த் துணி கேட்டார். பல் வரிசைக்கு இரு பக்கமும் முப்பது வருட அழுக்கைத் துடைத்தார். அடியில் இரண்டு வெள்ளைப் பெயிண்ட் கோடுகள். நேருக்கு நேர் நிற்க வேண்டியவை, மூன்று பல் தள்ளி நின்றன.

க்ராஸ் ஜாய்ன்ட் கோணத்தில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. உள்ளே வரும் சுற்று ஒரே வேகம், வெளியே போவது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஒரு ஜாய்ன்ட் முந்தும்போது அடுத்தது பிந்தும்படி காதுகளை நிறுத்தினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த நிலை தவறினால் மிச்சம் அப்படியே வண்டிக்குள் வரும், சில நிலைகளில் இரண்டும் கூடிக்கொள்ளும். 36-க்கு 72. செயலி முதல் நாளே சொன்னது இதைத்தான்.

"குறி போடாம கழட்டுனியா?" என்று மட்டும் கேட்டார் அங்கிள். அப்பா என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.

கோடுகளை நேராக்கிப் பூட்டினேன். 65-இல் அமைதி, 72-இல் இருந்த மலை தரையாகிவிட்டது. ஆனால் 90-இல் பழைய 50 இன்னும் இருந்தது. பாதியாகக் குறைந்திருந்தாலும் தேநீர் இன்னும் சுருங்கியது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் ஜாய்ன்ட் கோணம் இல்லை, எடை ஒரு பக்கம் கூடியோ குறைந்தோ இருக்கிறது.

ஈப்போவுக்குக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் ஒரு பழைய வித்தை செய்து பார்த்தேன். ஷாஃப்டின் பின் முனையில், டிஃபரென்ஷியலுக்குப் பக்கத்தில், சுற்றளவை நான்காகப் பிரித்து 1, 2, 3, 4 என்று எழுதினேன். ரேடியேட்டர் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப் ஒன்றை மாட்டி, அதன் திருகுத் தலையை 1-இல் வைத்து இறுக்கி ஓட்டினேன். அந்தத் தலையின் சில கிராம்தான் எடை. 1-இல் நடுக்கம் எகிறியது. 2-இல் முன்பு போலவே. 3-இல் பாதிக்கும் கீழே போனது. 4, 2 மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தூக்கு, ஸ்டாண்ட் போடு, இறக்கு, ஓட்டு. ஒரு காலைப் பொழுது முழுக்கப் போனது. அப்பா நான்கு தே ஓ குடித்தார், எல்லாம் ஆய்வுக் கருவி.

3-இல் கிளிப் தலை உட்கார்ந்த இடத்தை உற்றுப் பார்த்தேன். அதன் பக்கத்திலேயே விரல் நகம் அளவுக்கு இரண்டு வெல்டிங் புள்ளிகள், நடுவில் பெயிண்ட் இல்லாத ஒரு சதுரம். அங்கிள் மண்ணெண்ணெயில் துடைத்த அன்றே அதைப் பார்த்தேன், துரு என்று விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் ஒட்டிய பேலன்ஸ் தகடு இருந்த இடம் அது. எப்போது விழுந்ததோ, எந்தச் செம்மண் சாலையில் கிடக்கிறதோ. சென்டர் பேரிங் ரப்பர் ஏன் கிழிந்தது என்பதற்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். தகடு போன ஷாஃப்ட் வருடக்கணக்கில் அந்த ரப்பரை உலுக்கியிருக்கிறது. நான் நோயை விட்டுவிட்டு, நோய் கிழித்த துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஷாஃப்டை முழுதாகக் கழற்றினேன், இந்த முறை மூன்று இடத்தில் குறி. ஈப்போவில் லாரி ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறையில் கொடுத்தேன். தண்டு வளைந்திருக்கிறதா என்று முதலில் முள் வைத்துப் பார்த்தார்கள், இல்லை. அந்தப் பழைய சதுரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரு தகடு வெல்டிங் செய்தார்கள். 180 வெள்ளி (ரிங்கிட்). பேரிங்குகள், ஜாய்ன்டுகள், டயர் கடை எல்லாம் சேர்த்தால் இந்த 180-ஐப் போல நான்கு மடங்குக்கு மேல் போயிருக்கிறது. வீட்டில் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு அதே சிமோர் சாலை, அதே 90. செயலியில் 50-இல் இருந்த மலை பிப்ரவரியில் அளந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. அப்பா பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தேநீர் தேநீராக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

நெடுஞ்சாலையில் 105 தாண்டினால் இன்னும் ஒரு மெல்லிய முனகல் வருகிறது. கியர்பாக்ஸ் பின் சீல் ஒழுகி, மவுண்டிங் ரப்பர் எண்ணெயில் ஊறி அமுங்கியிருக்கிறது. கியர்பாக்ஸ் தாழ்ந்தால் ஷாஃப்ட் கோணமும் மாறும். சீலும் மவுண்டிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன் கோணத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஹோஸ் கிளிப்பைக் கழற்றிவிட்டேன், அது இப்போது தோட்டத்துக் குழாயில் இருக்கிறது.