பாறையிலிருந்து முக்காலிக்கு

பெங்களூரு லால்பாக் பூங்காவின் பாறைமேல் காலை ஆறரை மணிக்கு ஏறி அமர்ந்தால், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான அந்தக் கல்லின் சாம்பல் நிறத்துக்குள் இளஞ்சிவப்பு வரிகள் ஓடுவது தெரியும். அந்த வரிகளுக்காகவே நான் பேஸ்டல் பழகினேன். நிறமித்தூளை மிகக் குறைந்த பசையோடு பிசைந்து உலர்த்திய குச்சி என்பதால், அதன் நிறம் துலக்கமாக இருக்கிறது. அதே காரணத்தால் தொட்டால் உதிர்ந்தும் விடுகிறது. சொரசொரப்பான தாளில் அடர்நிறங்களை முதலில் இட்டு, வெளிர்நிறங்களைக் கடைசியில் அழுத்தாமல் வைப்பேன். நிலைப்படுத்தும் திரவத்தைத் தெளித்தால் வெளிச்சப் பகுதிகள் மங்கிவிடுகின்றன என்பதால், கண்ணாடிச் சட்டத்தையே நம்புகிறேன்.

மரச்சாமான்களில் இந்தச் சலுகை கிடையாது. அல்சூர் வீட்டில் கிடந்த அம்மாவின் தேக்கு முக்காலியை 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, அக்ரிலிக்கில் ஊதாப் பூக்கள் நிறைந்த ஜக்கரண்டா மரக்கிளையொன்றை வரைந்தேன். ஆகஸ்ட் மழையில் அடியிலிருந்த வண்ணம் காயும் முன்பே வார்னிஷ் அடித்த என் அவசரத்தால் ஊதா முழுவதும் பால் படர்ந்தாற்போல் வெளுத்தது. அனைத்தையும் சுரண்டி மறுபடி வரைய வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை வரைந்த பூக்கள் சற்றுச் சிறியவை. எனக்கு அவையே பிடித்திருக்கின்றன. அம்மாவோ, டபராவைப் பூவின்மேல் வைக்க மனமின்றி, ஓரத்திலேயே வைக்கிறார்.