பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள்

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இங்கிலாந்தில் ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சியில் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் கேட்டுப் பதிவு செய்யப் போயிருந்தேன். 2024 பிப்ரவரி. சர்டிஃபிகேட் எல்லாம் பார்த்து முடித்த ஏஜென்சி அம்மா, ஜிம்பாப்வேக்காரர், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்க பாஸ்போர்ட் இப்ப யார் கையில இருக்கு? சம்பளம் யார் அக்கவுண்டுக்குப் போகுது? இங்கே வர யாருக்காவது பணம் கொடுத்தீங்களா? எவ்வளவு?" வேலை கேட்க வந்தவளிடம் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாரே என்று நினைத்தேன். "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றேன்.

எதுவும் நல்லாயில்லை.

நாகர்கோவில் பக்கம் ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். 2022-ல் இங்கிலாந்து, முதியோரைப் பராமரிக்கும் கேர் வொர்க்கர்களுக்கும் ஹெல்த் அண்ட் கேர் விசாவைத் திறந்துவிட்டது. ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி நர்ஸாகப் போவதற்குப் பொறுமை இல்லாதவர்களெல்லாம் அந்த வாசலில் போய் நின்றோம். 'வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை' என்று போர்டு வைத்திருந்த ஒருவர், சி.ஓ.எஸ். எடுக்க 14 லட்சம் ஆகும் என்றார். நம் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனி இங்கிலாந்து உள்துறையிடமிருந்து வாங்கித் தருகிற சான்றுதான் சி.ஓ.எஸ். அப்போது கம்பெனிக்கு அதன் கட்டணம் 199 பவுண்டு, நம்ம காசுக்கு இருபதாயிரம் ரூபாய் சுமார். இது எனக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அம்மாவின் நகை பேங்குக்குப் போனது. மிச்சம் வட்டிக்கு வாங்கினோம். மொத்தமும் ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது வாங்கவில்லை.

ஒப்பந்தத்தில் வாரம் 39 மணி நேரம், மணிக்கு 10.75 பவுண்டு என்று இருந்தது. கிடைத்தது பதினைந்து மணி நேரம், சில வாரம் பன்னிரண்டு. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சமைத்து வைக்கும் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு பத்துக்குத்தான் திரும்புவேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நின்ற நிமிடங்களுக்கு மட்டும்தான் சம்பளம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காரில் போகிற நேரத்துக்குக் கிடையாது. அந்தக் காருக்கும், ஆறு பேர் அடைந்து கிடந்த வீட்டுக்கும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டை 'ஆடிட்டுக்கு வேணும்' என்று வாங்கினார் மேனேஜர், திரும்பி வரவில்லை. மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் 7,500 பவுண்டு கட்டணும் என்ற தாளிலும் கையெழுத்து போட்டிருந்தேன். ஆனாலும் எங்கள் அறைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வருவேன். அதனால்தான் அடிமைத்தனம் என்ற வார்த்தையே எனக்குத் தோன்றவில்லை.

ஏஜென்சி அம்மாவுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று பிறகு சொன்னார். அதே வாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் விண்ணப்பித்திருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே முகவரி. அவசரத்துக்குத் தொடர்புகொள்ளும் நபர் என்ற இடத்தில் மூன்று பேரும் ஒரே நம்பரை எழுதியிருந்தோம். மேனேஜரின் நம்பர். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார். போதாததற்கு, எங்களில் ஒருத்தியின் சம்பளம் வேறு யாரோ பெயரிலுள்ள அக்கவுண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்படிப் பொருந்தி வந்தால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது அவர்கள் அலுவலக நடைமுறையாம். கூட வந்தவரை மொழிபெயர்க்கவும் விடமாட்டார்கள்.

அன்று எனக்கு 08000 121 700 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தார். நவீன அடிமைத்தனத்துக்கான ஹெல்ப்லைன். துண்டுச்சீட்டை ஷூவுக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சும்மா இருந்தேன். பத்தாவது நாள் காருக்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று அவர்களே சொன்னதும்தான் அழுகை வந்தது.

அங்கே இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, என்.ஆர்.எம். என்ற அரசு ஏற்பாடு. ஆள்கடத்தலுக்கோ நவீன அடிமைத்தனத்துக்கோ ஆளானவர் என்று அடையாளம் கண்டு, தங்குமிடம், வக்கீல் உதவி எல்லாம் தருவது. வயதுவந்தவர்களை அதில் சேர்க்க அவரவர் சம்மதம் வேண்டும். இன்னொன்று, இதைத் தொழிலாளர் பிரச்சினையாக எடுத்து வேறு ஸ்பான்சரைத் தேடுவது. சம்பளம் வேறு அக்கவுண்டுக்குப் போய்க்கொண்டிருந்த தோழி முதல் வழியில் போனாள். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் ஏற்பாட்டில் அவளுக்குத் தங்குமிடம் கிடைத்தது. எனக்கு மாதா மாதம் வட்டி கட்டணும், வேலையில்லாமல் இருக்க முடியாது. நான் இரண்டாவதை எடுத்தேன். யார் முடிவு சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் பாஸ்போர்ட். சண்டை போடாதே, எழுத்தில் கேள் என்றார் ஏஜென்சி அம்மா. இது இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கும். அந்த வரியைப் போட்டு, 'வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் தூதரகத்துக்கும் போலீசுக்கும் சொல்வேன்' என்று மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். வியாழக்கிழமை காலை கவரில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏழு மாதப் பயம், இரண்டு வரியில் முடிந்தது.

அடுத்தது சம்பளம். வேலையிடத் தகராறுகளுக்கு ஆலோசனையும் சமரசமும் தரும் ஏகாஸ் அமைப்பின் ஹெல்ப்லைனில் பேசினேன், 0300 123 1100. ஒரு நோயாளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வேலை நேரம்தான் என்றார்கள். சம்பளத்தில் பிடித்ததற்கு வழக்குப் போடுவதென்றால், கடைசியாகப் பிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதற்குள் ஏகாஸில் சமரசத்துக்குப் பதிய வேண்டும் என்பது அப்போதைய விதி. என்னிடம் ஒரு சின்ன டைரி இருந்தது. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனேன், எப்போது கிளம்பினேன் என்று அதில் எழுதி வைத்திருந்தேன். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் குறிப்பு எழுதிய பழக்கம். ரோட்டா என்கிற ஷிஃப்ட் அட்டவணை, பே ஸ்லிப் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன். பணம் வந்ததா? இல்லை. கம்பெனி அதற்குள் மூடிக்கொண்டது. 7,500 பவுண்டு கேட்டும் யாரும் வரவில்லை.

ஜூலையில் கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தானது. எங்கள் புகாராலா, வேறு எதனாலா, யாரும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து உள்துறையிலிருந்து கடிதம்: 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரோடு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். இப்படி ஸ்பான்சரை இழந்தவர்களுக்கு வேலை தேடித் தர வட்டாரவாரியாக ஓர் உதவிக் குழு இருந்தது. அவர்களுக்கு எழுதினேன். அவர்கள் அனுப்பிய பட்டியலிலும் சொந்தமாகவும் சேர்த்து நாற்பத்தொரு விண்ணப்பம். பாதிப் பேர் பதிலே போடவில்லை. நடுவில் ஒரு தமிழர் போன் செய்து, "தங்கச்சி, சி.ஓ.எஸ். ரெடியா இருக்கு, ஆறாயிரம் பவுண்டு மட்டும் குடுத்தா போதும்" என்றார். நம் மொழியில் அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் மனசு இளகியதை ஒத்துக்கொள்கிறேன். போனை வைத்துவிட்டேன்.

இந்த முறை பார்த்துத்தான் போனேன். லைசென்ஸ் உள்ள ஸ்பான்சர்கள் பட்டியலை அரசே இணையத்தில் போட்டிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், என் பழைய கம்பெனியும் அதில் இருந்தது. கேர் தரத்தைப் பார்க்கும் சி.க்யூ.சி.யின் ஆய்வறிக்கையைத் தேடுங்கள். பழைய கம்பெனிக்கு ஆய்வே நடந்திருக்கவில்லை. நேர்முகத்தில் "என்னிடம் ஏதாவது கட்டணம் வாங்குவீர்களா?" என்று நானே கேட்டேன். முதியோர் இல்லத்து மேனேஜர் சிரித்துவிட்டு, வாங்கினால் நான்தான் மாட்டிக்கொள்வேன் என்றார். 51-வது நாள் விண்ணப்பம் போனது. விசா கட்டணம் அப்போது 284 பவுண்டு. புது விசா வரும்வரை அங்கே வேலையைத் தொடங்கக் கூடாது. அந்த ஏழு வாரமும் சர்ச்சில் கொடுத்த அரிசியும் டப்பா பீன்ஸும்தான்.

ஊரில் அண்ணன் அந்த ஆலோசனை அலுவலகத்தை, பதிவு பெற்ற வெளிநாட்டு வேலை ஏஜென்ட்களைப் பட்டியலிடும் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடினான். பெயரே இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் என்றாலும் முப்பதாயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு மேல் வாங்கினால் குற்றம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். ரசீது இல்லை, அண்ணனின் வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இருந்தது. ஒரு நாள் அந்த ஆளே வீட்டுக்கு வந்து இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு, புகாரை வாபஸ் வாங்கச் சொன்னார். அம்மா பணத்தை வாங்கிக்கொண்டாள். புகாரை வாபஸ் வாங்கவில்லை.

கடன் இன்னும் ஐந்தரை லட்சம் இருக்கிறது. வர்ற மாசம் வளையல் இரண்டையும் திருப்புகிறோம்.